பொட்டழிச்ச படம்

1

இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வருசம் தவறாமல் ஒரு தாள் கொடுத்துவிடுவார்கள். உங்கள் பிள்ளையின் படத்தை இணையதளத்தில் போடலாமா, செய்திமடலில் போடலாமா, சுற்றுலா போன இடத்தில் எடுத்ததை மற்ற பெற்றோருக்கு அனுப்பலாமா, பத்திரிகைக்காரர் வந்தால் எடுக்க விடலாமா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம். நெதர்லாந்துக்கு வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக வரும். ஒரு போட்டோவுக்கு எதுக்கு இம்புட்டு அலப்பறை என்று எல்லாக் கட்டத்திலும் 'ஆமாம்' போட்டு அனுப்பிவிடுவேன்.

இந்த வருசம் மகள் நிலாவே அதைப் பூர்த்தி செய்துவிட்டாள். பத்தாவது படிக்கிற வயசு. எல்லாவற்றிலும் 'இல்லை'. நான் கையெழுத்து மட்டும் போட வேண்டும். "ஏன்டி, என்ன நட்டம் உனக்கு?" என்றேன். "என் முகம், என் இஷ்டம்" என்று டச்சில் பதில் வந்தது. நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் சொல்வாள், எங்கள் வீட்டில் நெடுநாளாக இதுதான் வழக்கம். தாளைப் பைக்குள் திணித்துக்கொண்டு, சாயங்காலம் பேசிக்கிறேன் என்று கறுவிக்கொண்டே ஆபீசுக்குப் போனேன்.

நான் உட்ரெக்ட் நகரத்தில் ஒரு அறக்கட்டளையில் வேலை பார்க்கிறேன். ஏழை நாடுகளில் இருக்கிற தொண்டு நிறுவனங்கள், வறுமை ஒழிப்புக்கு இன்னின்ன செய்கிறோம், பணம் கொடுங்கள் என்று புரபோசல் அனுப்பும். அதைப் படித்து, நோண்டி, மார்க் போட்டு, கமிட்டிக்கு எழுத வேண்டும். இதை ஊரில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. "காசு கேட்டு வர்ற மனுவைப் படிச்சுப் பாஸ் பண்ணுவேன்" என்று ஒருமுறை சொன்னதற்கு, "அப்ப நீ தாசில்தாரா?" என்று கேட்டார் என் அண்ணன்.

அன்றைக்குக் காலையில் திறந்த முதல் புரபோசல் சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. முகப்பில் முழுப்பக்கத்துக்கு ஒரு பெண்ணின் படம். நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை. கண் கேமராவைப் பார்க்காமல் வேறு எங்கேயோ பார்க்கிறது.

என் அம்மா.

2

எம். புதுப்பட்டியில் எங்கள் தெருப் பொம்பளைகள் எல்லாரும் வீட்டில் இருந்தபடியே வெடிக்குக் குழாய் உருட்டுவார்கள். கம்பெனி ஆள் பேப்பர்க் கட்டை வீட்டுக்கு வீடு போட்டுவிட்டுப் போவான். வெட்டி, உருட்டி, பசை தடவி, காயவைத்துக் கொடுக்க வேண்டும். புதுப் பேப்பரா தருவான்? சிவகாசி, திருத்தங்கல் பிரஸ்களில் கலர் தப்பி, மை கூடிக் கழித்துப் போட்ட வேஸ்ட்தான். காலண்டர் சாமியும் வரும், பிஸ்கட் பாக்கெட்டும் வரும், யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ வரும். சாமி படம் வந்தால் அம்மா கண்ணில் ஒற்றித் தனியாக எடுத்து வைப்பாள்.

ஒரு வருசம் பக்கத்து ஊர் வெடிக் கம்பெனியில் விபத்து நடந்தது. கொஞ்ச நாள் கழித்து, எங்கள் பக்கம் வேலை செய்த டிரஸ்டின் டைரக்டர் ஒரு வெள்ளைக்காரரை ஜீப்பில் கூட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். புருசனைப் பறிகொடுத்த பொம்பளை ஒருத்தியைப் படம் எடுக்க வேண்டுமாம். அப்படி இருந்தவள் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். வெள்ளைக்காரருக்கோ ரயிலுக்கு நேரமாகிவிட்டது. டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலில் உட்கார்ந்து குழாய் உருட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் வந்தார்.

"ஏம்மா, செத்த நிமுந்து உக்காருங்க. ஒரு போட்டோதான். பொட்ட மட்டும் தொடச்சிட்டு, தாலியச் சேலைக்குள்ள விட்டுக்கோங்க. ஒங்க தெருவுக்கே நல்லது வரும்."

அம்மா திருதிருவென்று முழித்திருக்கிறாள். "எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்காருய்யா" என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் தன் கைக்குட்டையை நீட்டியிருக்கிறார். பெரிய மனுசன், படித்தவர், ஜீப்பில் வந்தவர், எப்படி மறுப்பாள்? துடைத்துவிட்டாள். லேசாகச் சிவப்பு ஒட்டியிருக்கிறது என்று இன்னொரு தடவை துடைக்கச் சொன்னாராம். ஜீப் போனதும் உள்ளே ஓடி மறுபடி குங்குமம் வைத்துக்கொண்டாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அந்தப் படம் வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வேண்டிய புத்தகத்துக்காக எடுத்தது. புதுப்பட்டிக்காரி கண்ணில் அது எங்கே படப்போகிறது என்று டைரக்டர் நினைத்திருப்பார். ஆனால் அச்சடிக்கக் கொடுத்தது திருத்தங்கலில். உள்ளூரில்தான் ரேட் குறைவு, பாவம். பிரஸ்காரன் கலர் ஒட்டாத தாளை எல்லாம் கழித்து வேஸ்ட்டில் போட்டான். வேஸ்ட் வழக்கம்போல எங்கே போகுமோ அங்கே வந்தது.

முதலில் பார்த்தது எதிர்வீட்டு அத்தை. "ஏ குருவம்மா, இங்கன ஓடியா! ஒன்னைய அச்சடிச்சுப் போட்டிருக்கான்!" என்று கத்தினாள். அடுத்த வீட்டுப் பேப்பர்க் கட்டிலும் அம்மா. அதற்கடுத்த வீட்டிலும் அம்மா. தெருவே அன்றைக்கு என் அம்மா முகத்தை வெட்டி உருட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வேலை விட்டு வந்த அப்பா ஒரு தாளை என்னிடம் நீட்டினார். "ஏத்தா பேச்சி, இதுல என்ன எழுதிருக்கு?"

நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். அதே டிரஸ்டு நடத்திய சாயங்கால டியூசனில் படித்த இங்கிலீசை வைத்து எழுத்துக் கூட்டினேன். "வெடி விபத்துல புருசனைப் பறிகொடுத்தவன்னு போட்டிருக்குப்பா."

அப்பா குனிந்து தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அப்ப நான் யாருத்தா?" என்றார். கூடி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கடைக்குப் போய் ஒரு பொட்டலம் குங்குமம் வாங்கிவந்து அம்மா கையில் கொடுத்தார். அவ்வளவுதான், ஒரு வார்த்தை வையவில்லை. அப்பா பேர் சுப்பையா. "சுப்பையா மாதிரி ஒரு புருசன் நமக்கு வாய்க்கலையே" என்று தெருவில் பாதிப் பேர் சொன்னார்கள்.

மறு வருசம் மாசியில், வெம்பக்கோட்டைப் பக்கம் லோடு இறக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். வீட்டுக்கு அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

காரியத்தன்றைக்கு அம்மாவை நடுவில் உட்காரவைத்துப் பொட்டை அழிக்கப் போகும்போது, சொந்தக்காரி ஒருத்தி எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள்: "இவளுக்கு என்னத்துக்கு இன்னொரு தடவை? முந்தியே அழிச்சுப் பாத்துக்கிட்டாள்ல."

அந்த ஒரு சொல் அம்மாவை விடவே இல்லை. நல்லது கெட்டதுக்குப் போகமாட்டாள். கல்யாண வீட்டுப் பக்கமே தலைவைக்கமாட்டாள். போனில் என்னிடம் பேசும்போதுகூட நடுவில் பேச்சு நின்றுபோகும். அப்புறம், "நானே என் கையால அழிச்சேனேத்தா" என்பாள். சாகிற வரைக்கும் அதே பாட்டு. பொட்டழித்ததால் அப்பா சாகவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அம்மா உயிரோடிருந்த மிச்ச நாளைத் தின்றது அந்தக் கைக்குட்டைதான். அந்த ஆள் நாசமாய்ப் போக வேண்டும் என்று நான் கும்பிடாத சாமியிடமெல்லாம் கேட்டிருக்கிறேன்.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வத்துக்கு அவசரமில்லை. எனக்கு வயசாகிறது.

3

எங்கள் ஆபீசில் புரபோசலைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். விண்ணப்பதாரருடன் உங்களுக்கு உறவோ நட்போ பணத் தொடர்போ உண்டா? நான் அந்தக் கேள்வியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உறவில்லை. நட்பு, சிவசிவா. பணம், சல்லிக்காசு இல்லை. பகை உண்டா என்று எவனும் கேட்கவில்லை. வெள்ளைக்காரனுக்கு அது தோன்றவே இல்லை போல. 'இல்லை, இல்லை, இல்லை' என்று தட்டிவிட்டு உள்ளே போனேன்.

டைரக்டர் இன்னும் அதே ஆள்தான். எழுபதைத் தாண்டியிருப்பார். அவருக்கு என்னைத் தெரியாது. என் பெயருக்குப் பின்னால் கதிரேசன் என்று வீட்டுக்காரர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு முன்னால் பேச்சி என்பது வெறும் ஒரு எழுத்து.

புரபோசலைக் கொல்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மோசம் என்று எழுதக்கூடாது. எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். 'நல்ல முயற்சி, ஆனால் நிதி நின்ற பிறகு இது சொந்தக் காலில் நிற்குமா என்பதில் தெளிவில்லை' என்று ஒரு வரி போதும். படிக்கிறவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார்கள். நான் அந்த வரியை எழுதியே வைத்துவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு அமிர்தமாக இறங்கியது.

சனிக்கிழமை மதினி போன் பண்ணினாள். அண்ணன் சம்சாரம் முத்துமாரி. அண்ணன் லாரியோடு போனால் மாசத்துக்கு ஒருதரம்தான் வருவார். வீட்டையும் தெருவையும் இழுத்துப் பிடித்திருப்பது மதினிதான்.

"ஏ பேச்சி, ஒங்க நாட்டுலருந்து எங்களுக்குக் காசு வரப்போகுதாம்ல? நோட்டு பைண்டிங் ஷெட்டுக்கு. தெருப் பொம்பளைக எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம். சிவகாசிப் பிரஸ்காரக ஆர்டர் தாரேன்னுட்டாக."

அதே புரபோசல்தான். "மதினி, அது யாரு டிரஸ்டுன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாம என்ன? அத்தையப் பொட்டழிக்க வச்ச ஆளு. அவரு வந்தா நான் 'வாங்க'ன்னுகூடச் சொல்ல மாட்டேன். ஆனா வெளிநாட்டுக் காசு வாங்குற சர்ட்டிபிகேட்டு அவருட்டதான் இருக்காம். எங்க குழு பேருக்கு நேரா வராதாம். பேங்க்லயே சொல்லிட்டாக."

அது நிஜம். அந்த அனுமதி இல்லாமல் பத்துப் பைசா அனுப்ப முடியாது. எனக்குத்தான் அது நன்றாகத் தெரியுமே.

"போன வெடி சீசன்ல நம்ம பக்கத்துல நடந்த விபத்து ஒனக்குத் தெரியும்" என்றாள் மதினி. "அன்னைக்கே கம்பெனிப் பக்கம் இனி மிதிக்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். என் மகளையும் விட மாட்டேன். ஆனா இந்த ஷெட்டு வரலைன்னா வேற வழியில்ல பேச்சி. ஆத்தாளும் மகளும் சேந்துதான் வெடிமருந்து ரூமுக்குப் போகணும்."

போனை வைத்துவிட்டு, எழுதிவைத்த அந்த வரியை நினைத்துப் பார்த்தேன். ஆட்டுக்காக அழுகிற ஓநாய் கையில் ஆட்டின் கயிறு. ஓநாயை அடித்தால் ஆடு சாகும். ஆட்டைக் காப்பாற்றினால் ஓநாய்க்கு மாலை போட்டுப் படம் எடுப்பார்கள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொன்னவன் என் கண்ணில் பட்டால் தெரியும் சேதி.

4

கமிட்டிக் கூட்டம் செவ்வாய்க்கிழமை. ஆளுக்கு ஒரு காப்பி, ஒரே ஒரு பிஸ்கட். இரண்டாவது எடுத்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் எல்லாரும் பார்ப்பார்கள். தலைமை மரீக்கா, என் மேலதிகாரி, நல்ல மனுசி. "இந்தியாவிலிருந்து வந்தது பற்றிப் பேச்சி சொல்லட்டும்" என்றாள்.

எழுதிவைத்த வரி தாளில் தயாராக இருந்தது. கண்ணாடியை எடுக்கப் பைக்குள் கையைவிட்டேன். வந்தது பள்ளிக்கூடத் தாள். நிலா வரிசையாகப் போட்ட 'இல்லை'. நான் இன்னும் கையெழுத்துப் போடாதது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிசத்தில்தான் என் புத்தி வேலை செய்தது.

"திட்டம் நல்ல திட்டம்" என்றேன். "பெண்களுக்குக் காகித வேலை தெரியும், ஆர்டர் கைவசம் இருக்கிறது, கொடுக்கலாம். ஆனால் முகப்பில் இருக்கிற இந்தப் பெண்ணிடம் சம்மதம் வாங்கினார்களா? அவள் படத்தின் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு யாராவது வாசித்துக் காட்டினார்களா?"

படம், சம்மதம் என்ற சொல்லைக் கேட்டதும் மேசையைச் சுற்றி எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இந்த நாட்டில் ஆளின் வறுமையைக்கூடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்கள், கேட்காமல் எடுத்த படத்தைப் பொறுக்கமாட்டார்கள். நான் விடவில்லை. என் மகளுடைய படத்துக்கு இத்தனை கட்டம், அந்தப் பெண்ணுக்கு ஒரு கட்டமும் கிடையாதா என்று பொரிந்துதள்ளினேன். கோபத்தில் என் டச்சு கண்டபடி போனது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் போடவேண்டிய சின்னச் சொல் எல்லாம் தப்பு. பக்கத்தில் இருந்த ஒருவர் நான் பேசப்பேச மெல்லிய குரலில் திருத்திக்கொண்டே வந்தார். ஊரில் என்றால் சண்டை போடும்போது எவனாவது இலக்கணம் பார்ப்பானா? என்ன ஜென்மங்களோ.

நிபந்தனையோடு பணம் கொடுக்கலாம் என்று முடிவானது. அதை எழுதும் வேலையை மரீக்கா என்னிடமே கொடுத்தாள். நான் எழுதினேன். டிரஸ்டு இதுவரை பயன்படுத்தி வருகிற ஒவ்வொரு படத்துக்கும் மறுபடி சம்மதம் வாங்க வேண்டும். படத்தின் கீழுள்ள வாசகத்தை, படத்தில் இருப்பவருக்கு, அவர் இல்லையென்றால் நெருங்கிய ரத்த சொந்தத்துக்கு, அவர்கள் பேசும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். மறுத்தால் படத்தை எடுத்துவிட வேண்டும், பணத்துக்குப் பாதகமில்லை. வாசிப்பது நிறுவனத்தின் தலைவராகவே இருக்க வேண்டும். வீட்டுக்கே போய் வாசிக்க வேண்டும். உள்ளூர்ச் சாட்சிகள் இருக்க வேண்டும்.

'தலைவராகவே' என்ற சொல்லைத் தட்டும்போது எனக்கு உள்ளங்கை வேர்த்தது. சந்தோசத்தில்தான்.

5

வீடியோக் கூட்டத்தில் டைரக்டரைப் பார்த்தேன். டை கட்டியிருந்தார். முடி பஞ்சாக வெளுத்திருந்தது, குரல் அதேதான். இங்கிலீசில், "மேடம், பழைய படங்களுக்கெல்லாம் இது நடைமுறையில் கஷ்டம். என் ஸ்டாஃப் யாராவது போனால் போதாதா?" என்றார். நானும் இங்கிலீசில், "நிபந்தனையில் தலைவர் என்றுதான் இருக்கிறது, சார்" என்றேன். அந்த 'சார்' என் வாயில் இனித்தது.

அதற்கப்புறம் மதினியின் வாய்ஸ் மெசேஜ்கள் வர ஆரம்பித்தன. நான் ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுச் சிரித்ததைப் பார்த்து எதிரில் இருந்தவர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

முதல் வீடு காளிராஜுடையது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது எடுத்த படம், 'யாருமற்ற அனாதை' என்று போட்டிருந்ததாம். காளிராஜ் இப்போது மினி பஸ் ஓட்டுகிறான். அவன் ஆத்தாள் அங்கேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். டைரக்டர் தமிழில் வாசித்து முடித்ததும் கிழவி எழுந்தாளாம். "ஏய்யா, குத்துக்கல்லாட்டம் நான் இங்கன உக்காந்திருக்கேன், என் மகன் அனாதையா? ஒங்க ஆத்தாளப் போய் எரிச்சிட்டு ஒங்களப் போடுங்கய்யா அனாதைன்னு!"

அடுத்தது சீனியம்மா அக்கா. 'ஒரு வேளைச் சோற்றுக்கும் வழியில்லாதவள்.' அவளுக்கு அந்த நாள் அப்படியே நினைவிருந்ததாம். "சோத்துக்கு வக்கத்தவளா நானு? அன்னைக்கு ஒங்க ஜீப்பு டிரைவரும் நீங்களும் எங்க வீட்டுல கருவாட்டுக் குழம்பு ஊத்திச் சாப்புட்டீகளே, கையக் களுவுன தண்ணி காயுறதுக்குள்ள இப்பிடி எழுதிப்போட்டிருக்கீக? எந்த வாயால சாப்புட்டீக, எந்தக் கையால எழுதுனீக?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறாள். சாட்சிக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டால் எங்கள் தெருவில் இருபது பேர் வருவார்கள். டைரக்டர் வெயிலில் நின்று வாசித்திருக்கிறார், யாரும் வாங்க என்று சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. எதிரி வாசலுக்கு வந்தாலும் ஒரு சொம்புத் தண்ணி கொடுக்கிற ஊர் அது. இதைக் கேட்டபோது எனக்கு அப்படி ஒரு குளிர்ச்சி. ஒரு வாரம் நான் யாரிடமும் சிடுசிடுக்கவில்லை. "அம்மாவுக்கு என்னாச்சு?" என்று நிலா அவள் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள்.

அடுத்த மெசேஜில் மதினி குரல் வேறாக இருந்தது.

"பேச்சி, நம்ம தெரு செல்வராணி கையில கட்டுப் போட்டிருக்கு. அவ படத்துக்குக் கீள, புருசன் குடிச்சிட்டு அடிக்கான்னு போட்டிருந்துச்சு. அது பொய்யில்ல. அவளே அளுது சொன்னதுதான், டிரஸ்டுல வேலை பாத்த பிள்ளைட்ட, ரகசியமா. அந்த ஆளு அதை அவ புருசன் முன்னாடி, அம்புட்டுப் பேரு முன்னாடி வாசிச்சிட்டாரு. சனம் கலைஞ்சதும் அவன் கதவச் சாத்திக்கிட்டு அடிச்சிருக்கான். யாரு இந்தச் சட்டம் போட்டது? சாட்சி வைக்கணும், வீட்டுல போய் வாசிக்கணும்னு? ஒங்க ஆபீசுல ஊரு நடப்பு தெரிஞ்ச ஒருத்தரும் இல்லையா?"

எனக்கு முதலில் டைரக்டர் மேல்தான் ஆத்திரம் வந்தது. புருசன் நிற்கும்போது வாசிக்கலாமா, அறிவு வேண்டாமா என்று. ரயில் இரண்டு ஸ்டேசன் தாண்டிய பிறகுதான் உறைத்தது. அவர் நான் எழுதியதை எழுத்துக்கு எழுத்து செய்திருக்கிறார். அவரைத் தெருவில் நிறுத்த வேண்டும் என்ற வெறியில், அந்தத் தெருவில் யார் யாருக்கு என்ன ஆபத்து என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஊர் நடப்பு தெரிந்த ஒருத்தி ஆபீசில் இருந்தாள். அவள்தான் எழுதினாள்.

மதினியிடம் போன் பண்ணி உள்ளதைச் சொன்னேன். "ஒன் கோவத்துக்கு அவ அடி வாங்கியிருக்கா" என்றாள். "பளி வாங்குறவ ஆளப் பாத்து வாங்கணும் பேச்சி. கண்ண மூடிக்கிட்டு வீசக் கூடாது."

மறுநாள் மரீக்காவிடம் போய் விதியை மாற்ற வேண்டும் என்று நின்றேன். தனியாக வாசிக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர் கேட்டால் மட்டுமே சாட்சி. கமிட்டி முன்னால், நான் எழுதியது தவறு, ஒரு பெண்ணுக்குக் காயம் பட்டிருக்கிறது என்று சொன்னபோது ஒரு வார்த்தையும் தடுமாறவில்லை, இலக்கணம் அத்தனையும் சரி. விதி மாறியது. செல்வராணியை மதினி தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். ஷெட் வந்தால் முதல் வேலை அவளுக்குத்தான் என்று தெருவில் முடிவாகியிருக்கிறது. அவள் கை இன்னும் முழுசாக மடங்கவில்லை.

6

மிச்சமிருந்தது ஒரே ஒரு படம், அம்மாவுடையது. குருவம்மாள் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. தெருக்காரர்கள் கைகாட்டிய மதினி வீட்டுக்கு டைரக்டர் வந்து, படத்தைக் காட்டி, இந்தம்மாவுக்கு ரத்த சொந்தம் யார் என்று கேட்டிருக்கிறார். "மகன் லாரியில போயிருக்காரு. பெத்த மக இருக்கா, அவளுக்கு வாசிங்க" என்றிருக்கிறாள் மதினி. "எங்களுக்குச் சாட்சி வேணும். தெருவைக் கூப்புட்டிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை. இங்கே காலை, அங்கே மத்தியானம் தாண்டியிருந்தது. போன் திரையில் மதினி வீட்டு வாசலும், நெருக்கியடித்து நிற்கிற தெருவும் தெரிந்தது. நடுவில் அவர், கையில் ஒரு தாளோடு. மதினி போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவர் என்னைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி இன்னொரு தடவை பார்த்தார்.

"மேடம்... நீங்களா?"

"ஆமா, நான்தான். எம். புதுப்பட்டி சுப்பையா மக பேச்சி. வாசிங்க."

அவர் தாளை இறக்கிவிட்டார். முகம் கறுத்துவிட்டது. "இதை நான் உங்க ஆபீசுக்கு எழுதலாம் மேடம். நீங்க சொந்தப் பகையை வச்சு..."

"எழுதுங்க. எழுதும்போது அந்தப் படத்தையும் சேத்து அனுப்புங்க. எப்பிடி எடுத்தீகன்னு அதையும் ஒரு வரி எழுதுங்க. எனக்கு வேலை போகும், போகட்டும். ஒங்களுக்கு என்ன போகும்னு யோசிச்சுக்கோங்க."

அவர் குரலை மாற்றிக்கொண்டார். "நல்லதுக்குத்தானேம்மா செஞ்சேன். அந்தப் படத்தைப் பாத்துத்தான் காசு வந்துச்சு. அந்தக் காசுலதான் டியூசன் நடந்துச்சு. நீங்க அதுல படிச்ச பிள்ளைதானே? இன்னைக்கு அங்க உக்காந்திருக்கீங்கன்னா..."

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருசமாக எனக்கு நானே கேட்டுக்கொண்ட கேள்விதான்.

"எங்க அம்மாட்ட கேட்டிருந்தா அவ என்னையக் குழாய் உருட்ட விட்டிருப்பா. பொட்ட அழிச்சிருக்க மாட்டா. நீங்க கேக்கலையே. வாசிங்க."

அவர் வாசித்தார். "இந்தப் பெண் வெடிவிபத்தில் தன் கணவனை இழந்தவர்."

"இந்தப் பெண்ணுன்னா யாரு? பேரு சொல்லுங்க."

அவர் தாளைப் புரட்டினார். அதில் இருக்காது. இருபத்தைந்து வருசத்துக்கு மேலாக அந்த முகத்தைக் காட்டிக் காசு வாங்கியிருக்கிறார், பேர் தெரியாது.

"குருவம்மாள்" என்றேன். "வீட்டுக்காரர் சுப்பையா. படம் எடுத்த அன்னைக்கு அவரு வேலைக்குப் போயிருந்தாரு. சாயங்காலம் வந்தாரு, சாப்பிட்டாரு, தூங்குனாரு. இப்பத் திருத்தி வாசிங்க. சத்தமா."

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார். "சுப்பையா சம்சாரம் குருவம்மாள்" என்றார். "படம் எடுத்தபோது இவர் கணவர் உயிரோட இருந்தார். நான்தான் பொட்டை அழிக்கச் சொன்னேன்."

கூட்டத்தில் யாரோ ஒருத்தி சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மாவை அன்றைக்குக் காரியத்தில் அப்படிப் பேசியவள்தான் என்று மதினி பிறகு சொன்னாள். எனக்கு இரக்கம் வரவில்லை.

"படத்தைப் பயன்படுத்தச் சம்மதமா?" என்று அவர் விதிப்படி கேட்டார்.

"இல்லை" என்றேன்.

அவர் ஜீப்பில் ஏறிப் போனார். கூட்டம் கலைந்தது. மதினி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. பணம் அடுத்த மாசம் வந்துவிடும், ஷெட்டுக்கு இடம் பார்த்தாகிவிட்டது என்று ஏதேதோ சொன்னாள். கடைசியில் கேட்டாள்.

"இப்பவாவது மனசு ஆறிருச்சா பேச்சி?"

"எங்க மதினி ஆறும்? இது மூணு வருசத் திட்டம். வருசா வருசம் அவரு என்ன செஞ்சாருன்னு என்கிட்டதான் வந்து சொல்லணும்."